கேசட்டிலிருந்து எடுத்த பாட்டும் ஆப்பில் வரும் பாட்டும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சுசீந்திரம், தேரூர், கோட்டாறு, வடசேரிப் பக்கத்து வீடுகளில் பாட்டு இன்று இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மாதச் சந்தா கட்டிச் செல்போனில் கேட்கும் ஆப். இன்னொன்று, பழைய கேசட்டையும் சிடியையும் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க். கோயில் கொடையில் விடிய விடியப் பதிந்த வில்லுப்பாட்டு, மார்கழித் திருவிழாவில் தாணுமாலயன் தேருக்கு முன்னால் வாசித்த நாகஸ்வரம், மகளின் அரங்கேற்றம் எல்லாம் இந்த இரண்டாவது இடத்தில்தான் கிடக்கின்றன. எந்த ஆப்பிலும் அவை கிடைக்காது.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். எல்லோருக்கும் கிடைக்கும் பாட்டை ஆப்பில் தாராளமாகக் கேளுங்கள். உங்களிடம் மட்டுமே இருக்கும் ஒலிக்கு உங்கள் நேரத்தையும் பணத்தையும் கொடுங்கள். கீழே வரும் பதில்கள் இந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை.

ஆப்பில் ‘லாஸ்லெஸ்’ என்று போட்டிருக்கிறது. அது என்ன? எம்பி3 போதாதா?

ஒரு சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். இதில் எதையும் தூக்கிப் போடாமல், மடித்து மட்டும் வைக்கும் முறைக்குத்தான் லாஸ்லெஸ் என்று பெயர். திறக்கும்போது ஒரு பிட் குறையாமல் பழையபடி வரும். இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இதில் அதிகம் புழங்குவது ஃப்ளாக். ஜாஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி 2001-இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். 2024 டிசம்பரில் இணையத் தரநிலை அமைப்பு இதை முறையான ஆவணமாகவே வெளியிட்டுவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் கொண்டுவந்து 2011-இல் பொதுவில் திறந்துவிட்ட அலாக் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை முறை மாற்றினாலும் ஒலியில் எதுவும் குறையாது.

எம்பி3 வேறு வழியில் போகிறது. காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளை நீக்கிவிடுகிறது. நீக்கியது நீக்கியதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

காதுக்குத் தெரியுமா என்று கேட்டால், 320 கிலோபிட் எம்பி3-க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் வித்தியாசம் சொல்லப் பெரும்பாலோரால் முடியாது. ஆனால் 128 கிலோபிட்டுக்குச் சுருக்கிய வில்லுப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஜால்ராவின் ஓசை சலசலப்பாகக் கரையும்; உடுக்கையின் அடி கூர்மை இழக்கும். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்கும் முறை இது. அமைதிக்குப் பிறகு திடீரென்று ஓர் அடி விழுந்தால், அந்த அடியின் கசடு அதற்கு முந்தைய அமைதிக்குள்ளும் பரவிவிடும். நீண்டு ஒலிக்கும் தம்புராவுக்கு இதனால் பெரிய சேதமில்லை. தவில், உடுக்கை, குடம், ஜால்ரா போலச் சட்டென்று வெடிக்கும் ஒலிகள்தான் அடிபடும். நம் ஊர் இசையில் பாதி அவைதான்.

இருந்தாலும் லாஸ்லெஸ்ஸில் வைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் காது அல்ல. மூலத்தை முழுசாக வைத்திருந்தால் நாளைக்கு எந்த வடிவம் தேவைப்பட்டாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எம்பி3-யை மட்டும் வைத்திருந்தால், அதை வேறு வடிவத்துக்குச் சுருக்கும் ஒவ்வொரு தடவையும் மேலும் கொஞ்சம் போகும்.

மாதச் சந்தா கட்டி, பாட்டுகளை டவுன்லோடும் செய்துவிட்டேன். அது என்னுடையதுதானே?

இல்லை. ஆப்பில் இறக்கிய பாட்டு பூட்டிய வடிவத்தில் இருக்கிறது. அந்த ஆப் மட்டுமே திறக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் இறக்கியவை ஒலிக்காது. சந்தா நின்றால் அவையும் நிற்கும்.

சந்தா ஒழுங்காகக் கட்டினாலும் பாட்டு போய்விடும் சந்தர்ப்பங்கள் உண்டு. கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப் போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. கானா 2022-இல் இலவசத்தை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. சேவை மூடாமல், உரிம ஒப்பந்தம் முடிந்து பாட்டுகள் மட்டும் காணாமல் போவதும் உண்டு: 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒட்டுமொத்தமாக இறங்கின. பட்டியலில் பெயர் மங்கலாக நிற்கும், தொட்டால் ஒலிக்காது.

இதற்காக ஆப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் இத்தனை கோடிப் பாட்டு கைக்குள் வருவது பெரிய வசதி. வாடகை வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்போடு இருந்தால் போதும்.

அப்படியென்றால் என் சொந்த ஃபைல்களை ஆப்பிலேயே ஏற்றிவிட்டால் என்ன? எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே.

ஏற்றலாம். கேட்க வசதியாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சேவையும் உங்கள் ஃபைலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஏற்றுங்கள்.

யூடியூப் மியூசிக்கில் 1 லட்சம் பாட்டு வரை சொந்தமாக ஏற்றிக்கொள்ளலாம். இதற்குச் சந்தா தேவையில்லை. ஏற்றியவை உங்கள் கணக்கில் மட்டும் தெரியும். ஃப்ளாக்கையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் திரும்ப உங்கள் காதுக்கு வருவது அதிகபட்சம் 256 கிலோபிட் ஏ.ஏ.சி., அதாவது சுருக்கிய பிரதிதான்.

ஆப்பிள் மியூசிக்கிலும் எல்லை 1 லட்சம்தான். ஆனால் அது ஃப்ளாக்கை ஏற்காது. முதலில் அலாக்காக மாற்ற வேண்டும். உங்கள் பாட்டு அவர்கள் கிடங்கில் ஏற்கனவே இருப்பதாக அதற்குத் தோன்றினால், உங்கள் ஃபைலை ஏற்றாமல் தன் பிரதியோடு பொருத்திவிடும். சினிமாப் பாட்டில் பெரும்பாலும் சரியாக வரும். கச்சேரிப் பதிவில் இது தொல்லை. ஒரே பாடகர் ஒரே கிருதியை வெவ்வேறு மேடைகளில் பாடியிருப்பார்; நீங்கள் பொத்தி வைத்த பதிவுக்குப் பதிலாகக் கடையில் விற்ற பதிவு செல்போனில் வந்து நிற்கலாம். பொருந்தாதவற்றை ஏற்றும், அப்போதும் அலாக்காக இருந்தாலும் 256 கிலோபிட் ஏ.ஏ.சி. ஆக்கித்தான் ஏற்றும். கணினியில் உள்ள மூலம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான், கணினியில் உள்ள மூலத்தை ‘அதுதான் மேலே ஏறிவிட்டதே’ என்று அழித்துவிடக் கூடாது.

2016 மே மாதம் ஓர் அமெரிக்க இசைக் கலைஞர், கணினியில் இருந்த தம் 122 ஜிபி இசைக் கோப்புகள் ஆப்பிள் மியூசிக்கைப் பயன்படுத்திய பிறகு அழிந்துவிட்டதாக எழுதியபோது உலகமே பேசியது. தங்களால் அந்தக் கோளாற்றை மறுபடி உண்டாக்கிப் பார்க்க முடியவில்லை என்றது ஆப்பிள். ஆனாலும் அதே மாதம் கூடுதல் பாதுகாப்போடு தன் இசை மென்பொருளான ஐட்யூன்ஸின் புதிய பதிப்பை வெளியிட்டது. அந்தக் கலைஞரிடம் வேறு டிஸ்கில் பேக்கப் இருந்ததால் தப்பித்தார்.

ஸ்பாட்டிஃபை உங்கள் ஃபைலைத் தன்னிடம் ஏற்றுவதே இல்லை. கணினியில் இருக்கும் ஃபைலைத் தன் பட்டியலுக்குள் காட்டும், அவ்வளவுதான். செல்போனில் கேட்க வேண்டுமானால் அந்த ஃபைல் செல்போனுக்கும் வந்திருக்க வேண்டும்.

மேலே ஏற்றிய பிரதி கேட்பதற்கு மட்டும். வைத்துக்கொள்ள வேண்டியது கையில் உள்ள மூலம்.

நவராத்திரிக்கு சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகளையும் நாள்வாரியாக வரிசைப்படுத்த ஆசை. சில ஆப்பில் இருக்கின்றன. மற்றவை பழைய கேசட்டிலிருந்து எடுத்த ஃபைல்கள். ஒரே பட்டியலில் வருமா?

சுசீந்திரத்துக்காரர்கள் இதைக் கேட்பது இயல்பு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னுதித்த நங்கை அம்மன் இங்கிருந்துதான் புறப்பட்டு, பத்மநாபபுரம் சரஸ்வதியோடும் வேளிமலை முருகனோடும் திருவனந்தபுரம் போகிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கிருதி, ஒரு ராகம்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. ஒன்பதையும் அவரவர்க்குப் பிடித்த வித்வான்கள் பாடியதாகச் சேர்க்கப் போனால், எந்த ஒரு ஆப்பிலும் முழுசாக அமையாது.

மூன்று வழிகள் உண்டு.

சுலபமானது, விடுபட்ட கிருதிகளை யூடியூப் மியூசிக்கிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ ஏற்றி, அங்கேயே பட்டியல் போடுவது. ஒலி சற்றுச் சுருங்கித்தான் வரும். பட்டியல் முழுசாக வரும். தினமும் காலையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு இது போதும், தயங்க வேண்டாம்.

இன்னொரு வழி, இரண்டையும் பிரித்தே வைப்பது. சொந்த ஃபைல்களுக்குத் தனி ஆப்: கணினியில் ஃபூபார்2000, செல்போனில் விஎல்சி போல. ஆண்ட்ராய்டு போன்கள் ஃப்ளாக்கை நேரடியாகவே ஒலிக்கும். எந்தக் கிருதி எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் தேட வேண்டியிருக்காது. பழைய முறைபோலத் தோன்றலாம். ஆனால் ஆப் எது மூடினாலும் இந்த நோட்டு கையில் இருக்கும்.

மூன்றாவது, சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் அல்லது நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவி, வீட்டுக்கென்று ஒரு சேவையையே நடத்துவது. வீட்டு வைஃபையில் உள்ள எல்லாச் செல்போன்களிலும் ஃப்ளாக் முழுத் தரத்தில் கேட்கும். வீட்டுக்கு வெளியே கேட்கக் கொஞ்சம் கூடுதல் ஏற்பாடு வேண்டும். நெட்வொர்க் விவரம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இல்லாவிட்டால் இதில் இறங்காதீர்கள். சந்தா ஆப்பில் உள்ள பாட்டு இதற்குள் வராது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்பதில் உங்களுக்கு உயிராக இருக்கும் பதிவு ஆப்பில் மட்டும் இருந்தால், அதைச் சிடியாகவோ விலைக்கு இறக்கக்கூடிய ஃபைலாகவோ வாங்கிவிடுங்கள். அப்படி வாங்க வேண்டியவை எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான் தேறும்.

ஃபைல்கள் எல்லாம் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று கிடக்கின்றன. எப்படிப் பெயர் வைப்பது?

இதில்தான் வேலை அதிகம், பலனும் அதிகம். ஆப்கள் சினிமாப் பாட்டுக்கும் மேல்நாட்டுப் பாட்டுக்கும் ஏற்றபடி அமைந்தவை. பாடகர், ஆல்பம், பாட்டு என்று மூன்று கட்டங்கள். கர்நாடக இசைக்கு அவை போதாது. இயற்றியவர், ராகம், தாளம், வயலின், மிருதங்கம், எந்த மேடை, எந்த ஆண்டு என்ற விவரமெல்லாம் வேண்டும். வடிவீஸ்வரத்தில் 1839-இல் பிறந்த நீலகண்ட சிவன் பாபநாசம் சிவனுக்கே வழிகாட்டியவர். அவர் பாடல்களை ஆப்பில் தேடினால் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறி மாறிப் பல பெயர்களில் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் இயற்றியவர் பெயர் இருக்கவே இருக்காது. ஆப்பில் உள்ளதை நம்மால் திருத்த முடியாது. நம் ஃபைலில் முடியும்.

ஃப்ளாக்குக்குள்ளேயே விவரக் குறிப்புகளை எழுதி வைக்கலாம். அவை யூனிகோடில் இருப்பதால் தமிழிலேயே எழுதலாம், நீளத்துக்கும் தொல்லையில்லை. பழைய எம்பி3 குறிப்பு முறையில் ஒரு கட்டத்துக்கு 30 எழுத்து இடம்தான். அதோடு, யூனிகோடு பரவுவதற்கு முன் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் இன்று குப்பை எழுத்துகளாகத் தெரியும். அவற்றைப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும்.

குறிப்பு எழுத எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற இரண்டு மென்பொருள்கள் நல்லவை. பெயரில் எம்பி3 இருந்தாலும் முதலாவது ஃப்ளாக்கிலும் வேலை செய்யும். ராகம், தாளம் என்று புதிய கட்டங்களை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் என்பது யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய பொது இசைத் தகவல் களஞ்சியம். கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும் அதில் தனி இடம் உண்டு. பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசைத் தொகுப்பு ஒன்றைத் திரட்டி, அதன் விவரங்களை அந்தக் களஞ்சியத்தில் பதிந்தது. ஸ்பெயினில் இருப்பவர்கள் ராகம் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பதிவுக்கு நாம் குறிக்காவிட்டால் வேறு யார் குறிப்பார்கள்?

ஃபைல் பெயரில் ஆண்டு, இடம், கலைஞர், பாட்டு என்ற வரிசை போதும். கேசட் உறையின் மேல் பேனாவால் எழுதியிருப்பதைச் செல்போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்தக் கையெழுத்திலிருந்து பின்னால் தெரியவரும் விவரங்கள் நிறைய.

வில்லுப்பாட்டைப் பாட்டுப் பாட்டாக வெட்டலாமா?

வெட்டாதீர்கள். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, கடைசியில் வாழி பாடுதல் என்று தொடர்ந்து ஓடுவது அது. புலவர் சொல்வதற்கும் குடக்காரர் ‘ஆமா’ போடுவதற்கும் நடுவில் எங்கே கத்தி வைப்பீர்கள்? கேசட்டின் ஒரு பக்கம் ஒரு ஃபைல் என்றே வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்தக் கட்டம் தொடங்குகிறது என்று தனியாக எழுதி வையுங்கள். கச்சேரியிலும் ஆலாபனையையும் கிருதியையும் தனியாவர்த்தனத்தையும் பிரிக்க வேண்டாம். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஃப்ளாக்கில் பிரியுங்கள். துண்டுகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து ஒலிக்கும். எம்பி3-யில் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டா வாசித்த நாகஸ்வரக் கேசட் பெட்டியில் கிடக்கிறது. எப்படி ஃபைலாக்குவது?

முதலில், தள்ளிப் போடாதீர்கள். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதி ஈரம். கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்வது இதனால்தான். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட விட்டால் டெக்கும் கெடும், நாடாவும் கெடும். அப்படி இருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் போட வேண்டும். அழுத்தும் பஞ்சு உதிர்ந்திருந்தால் வேறு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம்.

நல்ல கேசட் டெக் ஒன்று வேண்டும். பழைய டூ-இன்-ஒன்னின் ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்துப் பதியாதீர்கள்; தெருச் சத்தமும் ஃபேன் சத்தமும் சேர்ந்து வரும். டெக்கின் பின்னால் உள்ள லைன் அவுட்டிலிருந்து ஒயர் எடுத்து, யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் கொடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஒலி மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால், ஹெட்டின் சாய்வு பதிந்த இயந்திரத்தின் சாய்வோடு பொருந்தவில்லை என்று பொருள். பக்கத்தில் உள்ள சிறு திருகைக் காதால் கேட்டபடி மெதுவாகத் திருப்பினால் சட்டென்று திரை விலகும். நாகஸ்வரத்தின் கூர்மை திரும்பக் கிடைப்பது அந்தத் திருகில்தான்.

பதிய ஆடாசிட்டி போதும், இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பு ஆகக் குறைந்த அளவாகச் சொல்வது இதைத்தான். முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் நல்லது என்றும் சொல்கிறது. 90 நிமிடக் கேசட் ஒன்று 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1.5 ஜிபி வரும்; ஃப்ளாக்காக்கினால் 1 ஜிபி பக்கம் நிற்கும். 1 டிபி டிஸ்கில் ஒரு வீட்டுக் கேசட்டெல்லாம் அடங்கி மீதமிருக்கும்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள். பதிந்தது பதிந்தபடி ஒரு ஃபைல் இருக்கட்டும். அதன் பிரதியில் எத்தனை வேண்டுமானாலும் திருத்துங்கள். இரைச்சல் நீக்கும் வசதிகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. இன்றைய திருத்தம் ஒத்துப் பெட்டியின் சுருதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டால், பிறகு வரும் நல்ல கருவிக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

2000-க்குப் பிறகு வீட்டில் எரித்த சிடிகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கடையில் விற்ற சிடி போலன்றி, இவற்றில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் ஈரமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும்.

காரில் பென்டிரைவ் போட்டால் ஃப்ளாக் ஓடவில்லையே?

பழைய கார் ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு எம்பி3 மட்டும்தான் தெரியும். காருக்கென்று 320 கிலோபிட் எம்பி3 பிரதி எடுத்துத் தனிப் பென்டிரைவில் போடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள். காருக்கான பிரதி கெட்டாலும் தொலைந்தாலும் கவலையில்லை.

ப்ளூடூத் ஹெட்போனில் லாஸ்லெஸ் கேட்கிறதா?

பெரும்பாலும் இல்லை. ப்ளூடூத் வழியே போகும்போது ஒலி மறுபடி சுருக்கப்படுகிறது. அதில் உயர்ந்தவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் சோனியின் எல்டாக் முறையே அதிகபட்சம் 990 கிலோபிட்தான்; சிடிக்கு 1,411 வேண்டும். ஆப்பிள் மியூசிக் 2021-இல் கூடுதல் கட்டணமில்லாமல் லாஸ்லெஸ் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. ஆப்பில் லாஸ்லெஸ்ஸைப் போட்டுவிட்டு ப்ளூடூத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 300, 400 மெகாபைட் டேட்டா செலவாவதுதான் மிச்சம். வெளியில் போகும்போது சாதாரணத் தரத்தில் வைத்து, வீட்டில் ஒயர் ஹெட்போனில் கேட்கும்போது மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஒருவர் பென்டிரைவில் ஆயிரம் ஃப்ளாக் தந்தார். உண்மையான லாஸ்லெஸ்தானா?

எம்பி3-யை எடுத்து ஃப்ளாக் என்று மாற்றி வைப்பது சுலபம். ஃபைல் பெரிதாகும், போனது திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக இருந்தால் 128 கிலோபிட் எம்பி3-யிலிருந்து வந்திருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. பழைய கேசட், இசைத்தட்டுப் பதிவுகளில் உயரே ஒன்றும் இல்லாமல் போவது இயல்பு. அங்கே இந்தச் சோதனை செல்லாது.

எத்தனை பிரதி வைப்பது?

மூன்று. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. மூன்றாவதை யாரும் செய்வதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தை அடித்ததையும், 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையையும் நினைத்துப் பாருங்கள். ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் இருந்தால் வெள்ளத்துக்கு அது ஒரு பிரதிதான். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் மகன், மகள் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும். விசேஷத்துக்கு ஊர் வரும்போது புதுப்பித்துக் கொடுத்து அனுப்பலாம். கிளவுடில் வைப்பதானால் பாட்டு ஆப்பில் வேண்டாம். கொடுத்த ஃபைலை மாற்றாமல் அப்படியே திருப்பித் தரும் சேமிப்புச் சேவையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போதும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

ஃப்ளாக்கில் இன்னொரு வசதி உண்டு. உள்ளே இருக்கும் ஒலியின் கைரேகை போன்ற ஒரு எண் ஃபைலிலேயே பதிந்திருக்கும். ஃபூபார்2000-இல் சரிபார்க்கச் சொன்னால் எந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால், கெட்டதை நல்ல பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் யூடியூபில் போடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

விலைக்கு வாங்கிய சிடியை உங்கள் கணினியில் ஏற்றி நீங்களே கேட்பது வேறு. ஊருக்கே போட்டுக் காட்டுவது வேறு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பொதுவில் போடுவதற்கு அது பொருந்தாது.

ஒரு பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954-இல் மறைந்தார். எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில், அவர் பாடல் வரிகளின் பதிப்புரிமைக் காலம் 2014-ஓடு முடிந்துவிட்டது. யாரும் பாடலாம். ஆனால் அதே வரிகளுக்கு ஒருவர் இசையமைத்து, 1980-இல் ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு உரிமை உண்டு. 2040 முடியும்வரை அதை அனுமதி கேட்காமல் பொதுவில் போடக் கூடாது. இசையமைத்தவரின் உரிமை அதற்கு மேலும் நீளலாம்.

கொடையில் நீங்களே பதிந்த வில்லுப்பாட்டுக்கும் இது பொருந்தும். டேப் ரெக்கார்டர் உங்களுடையது, பாடியது அவர்கள். நிகழ்த்துக் கலைஞருக்கு நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு உரிமையைச் சட்டம் தருகிறது. புலவர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் அவர் குடும்பத்தாரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது ஒரு பென்டிரைவில் அந்தப் பதிவின் பிரதியையும் கொண்டு போங்கள். தங்கள் தகப்பனாரின் குரல் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் சம்மதித்தால், வில், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை என்று உடன் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும், கோயில் பெயரையும், ஆண்டையும் கேட்டு எழுதிச் சேர்த்துப் போடுங்கள்.